இரண்டு கை, இரண்டு கணக்கு



இது ஒரு நோயைப் பற்றிய பாடம். அதன் பெயர் டகயாசு நோய். வாயில் எளிதில் நுழையாத பெயர்தான். எல்லோருக்கும் வருகிற நோயும் அல்ல. ஆனால் வந்தால் பெரும்பாலும் இளம் பெண்களுக்கு வருகிறது. பல ஆண்டுகள் கண்ணில் படாமல் மறைந்தே இருக்கிறது. அதன் ஓர் அடையாளத்தை நம் விரலாலேயே தொட்டுப் பார்க்கலாம். எப்படி என்று படிப்போம்.

1. டப்பாவில் இருந்த சீட்டுகள்

எங்கள் எழுத்தறிவு வகுப்பு பெங்களூரில், ஸ்ரீராமபுரத்தில் நடக்கிறது. இரவு எட்டு மணிக்குத் தொடங்கும். வீட்டு வேலை செய்பவர்கள், பூ கட்டுபவர்கள், கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் வருவார்கள். நான் அங்கே சொல்லிக்கொடுக்கும் தொண்டர்.

வகுப்புக்கு ஓர் அக்கா வருவார். வயது 29. பீன்யாவில் உள்ள ஒரு கார்மெண்ட்ஸில் வேலை. "என் கதையை எழுதுங்க டீச்சர். பேரு மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அதனால் இந்தப் பாடத்தில் அவர் வெறும் அக்காதான்.

அக்காவுக்கு மூன்று வருடமாக உடம்பு சரியில்லை. அடிக்கடி தலை சுற்றும். காலையிலேயே களைப்பாக இருக்கும். மகளுக்குத் தலை பின்னும்போது இடது கை பாதியிலேயே சோர்ந்துவிடும். கொஞ்ச நேரம் கையைத் தொங்கப் போட்டால் சரியாகும். மறுபடி தூக்கினால் மறுபடி வலிக்கும்.

"வேலை செய்யற கைதானே, வலிக்கத்தான் செய்யும்" என்று எல்லோரும் சொன்னார்கள். அக்காவும் அப்படியே நினைத்தார்.

ஒரு நாள் வகுப்பில் எண்கள் படித்தோம். "வீட்டில் எண் எழுதிய காகிதம் எது இருந்தாலும் கொண்டுவாருங்கள்" என்று சொல்லியிருந்தேன். ஒருவர் கரண்ட் பில் கொண்டுவந்தார். ஒருவர் பஸ் டிக்கெட் கொண்டுவந்தார். அக்கா ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். அதில் நிறைய டாக்டர் சீட்டுகள் இருந்தன.

சீட்டுகளில் இருந்த பி.பி. எண்களை அக்காவே படித்து நோட்டில் எழுதினார்.

90/60
92/60
90/60
170/100
90/60

எழுதி முடித்தார். நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"டீச்சர், எனக்கு லோ பி.பி.ன்னு சொன்னாங்க. உப்பு கூடச் சேர்த்துக்கச் சொன்னாங்க. தினமும் உப்புப் போட்டு எலுமிச்சை ஜூஸ் குடிக்கிறேன். இந்த ஒரு சீட்டில மட்டும் 170 இருக்கே. ஒரே ஆளுக்கு 90-ம் வருமா, 170-ம் வருமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தேதிகளைப் பார்த்தோம். 90 எழுதியது வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கிளினிக். 170 எழுதியது ஒரு மருத்துவ முகாம். இரண்டுக்கும் நடுவே ஒரு வாரம்கூட இல்லை.

"முகாம் மெஷின் கெட்டுப்போயிருக்கும்னு விட்டுட்டேன்" என்றார் அக்கா.

"எந்தக் கையில் பார்த்தார்கள், அக்கா?" என்று கேட்டேன்.

அக்கா கண்ணை மூடி யோசித்தார். "கிளினிக்கில நாற்காலி சுவர் ஓரமா இருக்கும். எப்பவும் இடது கையைத்தான் நீட்டுவேன். முகாம்ல வலது கை."

இடது கையில் 90. வலது கையில் 170. "இதை டாக்டரிடம் கேட்டுத்தான் ஆகவேண்டும்" என்று முடிவு செய்தோம்.

2. இரண்டு கைகளையும் பிடித்த டாக்டர்

அக்கா ஒரு நாள் லீவு போட்டார். அன்றைய கூலி போயிற்று. இருவரும் ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனோம். பிஸ்கட் டப்பாவையும் எடுத்துப் போனோம்.

டாக்டரம்மா சீட்டுகளைப் பார்த்தார். எதுவும் பேசாமல் அக்காவின் இரண்டு மணிக்கட்டுகளையும் ஒரே நேரத்தில் பிடித்தார். வலது கையில் நாடி நன்றாகத் துடித்தது. இடது கையில் நாடி கிடைக்கவே இல்லை.

பிறகு இரண்டு கைகளிலும் பி.பி. பார்த்தார். கால்களிலும் பார்த்தார். கழுத்திலும் வயிற்றிலும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். பாதி அடைத்த குழாயில் தண்ணீர் போகும்போது 'உஸ்' என்று சத்தம் வரும் அல்லவா? அப்படி ஒரு சத்தம் வயிற்றில் கேட்டதாம்.

"உங்களுக்கு லோ பி.பி. இல்லை. ஹை பி.பி. இருக்கிறது. இடது கைக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கிவிட்டது. அதனால் அந்தக் கையில் மட்டும் குறைவாகக் காட்டுகிறது. இன்றே உப்பைக் குறையுங்கள்" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். மூன்று வருடம் உப்புத் தண்ணீர் குடித்தவர் அவர். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

3. நாடி என்றால் என்ன?

நம் இதயம் ஒரு பம்பு. நிமிடத்துக்குச் சுமார் 70 முறை துடிக்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை. ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தத்தைத் தள்ளுகிறது.

இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்களுக்குத் தமனி என்று பெயர். முதலில் ஒரு பெரிய தமனி புறப்படுகிறது. அதைப் பெருந்தமனி என்கிறோம். அது மேலே போய் வளைந்து, முதுகெலும்பின் முன்புறமாக வயிறு வரை இறங்குகிறது. வழியில் கிளைகள் பிரிகின்றன. கைகளுக்குக் கிளை, கழுத்து வழியாக மூளைக்குக் கிளை, சிறுநீரகங்களுக்குக் கிளை, கால்களுக்குக் கிளை.

இதயம் தள்ளும் ரத்தம் அலைபோல் வந்து தமனியின் சுவரைத் தட்டுகிறது. அந்தத் தட்டுதான் நாடி. வழியில் குழாய் சுருங்கினால் தட்டு மெலிந்துவிடும். மிகவும் அடைத்துவிட்டால் தட்டே இருக்காது.

அதனால்தான் இந்த நோய்க்கு "நாடி இல்லா நோய்" என்று ஒரு பெயரும் உண்டு.

4. காவல்காரரே வீட்டைத் தாக்கினால்

நம் உடம்புக்குள் ஒரு காவல் படை இருக்கிறது. கிருமிகள் வந்தால் அது எதிர்த்துப் போராடும். காயம் பட்ட இடம் சிவந்து, வீங்கி, சூடாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் படை அங்கே வேலை செய்கிறது என்று பொருள். இந்த வீக்கத்துக்கு அழற்சி என்று பெயர்.

சிலருக்கு இந்தக் காவல் படை ஆள் தெரியாமல் தடுமாறுகிறது. சொந்த உடம்பையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. இப்படி வரும் நோய்களைத் தன்னுடல் தாக்கு நோய்கள் என்கிறார்கள். மூட்டுகளைத் தாக்கினால் முடக்குவாதம் வருகிறது. பெருந்தமனியையும் அதன் கிளைகளையும் தாக்கினால் டகயாசு நோய் வருகிறது.

தமனியின் சுவரில் அழற்சி உண்டாகிறது. சுவர் தடிக்கிறது. நடுவே ரத்தம் போகும் வழி குறுகுகிறது. நாளானால் அடைத்தும் போகலாம். சில இடங்களில் சுவர் பலமிழந்து பலூன்போல் உப்பவும் செய்யலாம்.

காவல் படை ஏன் இப்படித் தடுமாறுகிறது? முழுக் காரணம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆனால் எவை காரணம் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். கண் திருஷ்டி காரணம் இல்லை. செய்வினை காரணம் இல்லை. முன்செய்த பாவம் காரணம் இல்லை. இது தொற்று நோயும் இல்லை. ஒரே தட்டில் சாப்பிடலாம். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம்.

5. கடைசி வீட்டுத் தண்ணீர்

இடது கைக் குழாய் சுருங்கியதால் அந்தக் கையில் 90. சரி. ஆனால் வலது கையில் ஏன் 170?

நம் ஊர்த் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து பம்பு செய்யப்பட்டு பெங்களூருக்கு வருகிறது. பெரிய குழாய், அதிலிருந்து சின்னக் குழாய், அதிலிருந்து தெருக் குழாய்.

ஒரு தெருவில் கடைசி வீட்டுக்குப் போகும் குழாய் அடைத்துக்கொண்டது என்று வையுங்கள். அந்த வீட்டில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிறது. வீட்டுக்காரர் குழாயைப் பார்க்கவில்லை. "பம்பில் வேகம் போதவில்லை, கூட்டுங்கள்" என்று புகார் கொடுக்கிறார். பம்பின் வேகத்தைக் கூட்டினால் என்ன ஆகும்? எல்லா வீட்டுக் குழாய்களிலும் அழுத்தம் ஏறும். எங்காவது குழாய் வெடிக்கும்.

நம் உடம்பில் அந்தக் கடைசி வீடு சிறுநீரகம். அதற்குப் போகும் தமனி சுருங்கினால், "ரத்தம் போதவில்லை" என்று சிறுநீரகம் ஒரு ரசாயனத்தை அனுப்பும். உடனே உடம்பு முழுவதும் பி.பி. ஏறும். இதயத்துக்கும் மூளைக்கும் அது கெடுதல்.

இந்தியாவில் டகயாசு நோய் வருகிறவர்களுக்கு வயிற்றுப் பகுதித் தமனியும் சிறுநீரகத் தமனிகளும் அதிகம் பாதிக்கப்படுகின்றன. ஆகவே இங்கே பலருக்கு ஹை பி.பி.தான் முதல் அடையாளம். இளம் வயதில் ஒருவருக்கு ஹை பி.பி. வந்தால், ஏன் வந்தது என்று டாக்டரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

அக்காவுக்கும் இதுவே நடந்தது. ஒரு பக்கச் சிறுநீரகத் தமனி சுருங்கியிருந்தது. பி.பி. ஏறியது. ஆனால் அளந்தது எல்லாம் நாடி இல்லாத இடது கையில். ஏறிய பி.பி. கண்ணில் படவே இல்லை.

6. கண் டாக்டர் கண்டுபிடித்த நோய்

டகயாசு என்பது ஒரு மருத்துவரின் பெயர். மிகிட்டோ டகயாசு ஜப்பான் நாட்டுக் கண் மருத்துவர். கனசாவா என்ற ஊரில் பேராசிரியராக இருந்தார்.

1908-ஆம் ஆண்டு ஜப்பானியக் கண் மருத்துவர்களின் கூட்டம் நடந்தது. ஓர் இளம் பெண்ணின் கண்ணுக்குள் தாம் பார்த்ததை டகயாசு அங்கே சொன்னார். கண்ணின் உட்புறத்தில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்து மாலைபோல் வளைந்திருந்தன. உடனே ஒனிஷி, ககோஷிமா என்ற வேறு இரண்டு மருத்துவர்களும் பேசினார்கள். "எங்களிடமும் இப்படிப்பட்டவர்கள் வந்தார்கள். அவர்களுக்குக் கையில் நாடி இல்லை" என்ற செய்தியைச் சொன்னார்கள்.

கண்ணுக்கும் கைநாடிக்கும் என்ன தொடர்பு? கழுத்துத் தமனி சுருங்கினால் கண்ணுக்கு ரத்தம் குறைகிறது. கண் புதிய சின்னக் குழாய்களை உண்டாக்கிக்கொள்கிறது. கைத்தமனி சுருங்கினால் நாடி போகிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றே.

இந்தியாவிலும் இந்த நோயைப் பல மருத்துவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். நமக்குப் பக்கத்தில் உள்ள வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, லக்னோவில் உள்ள மருத்துவ நிறுவனம் ஆகியவற்றின் மருத்துவர்கள் மற்றவர்களோடு சேர்ந்து ஒரு மதிப்பெண் பட்டியல் தயாரித்தார்கள். அதில் 44 கேள்விகள் உண்டு. நாடி எங்கே குறைந்தது, பி.பி. எவ்வளவு, புதிதாக என்ன தொந்தரவு என்று கேட்டும் தொட்டும் மதிப்பெண் போடலாம். நோய் வேகமாக இருக்கிறதா, அடங்கியிருக்கிறதா என்று அறிய இது உதவும். 2013-ல் இது வெளிவந்தது. வெளிநாட்டு மருத்துவர்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

7. யாருக்கு வரும்? எப்படித் தெரியும்?

பெரும்பாலும் 40 வயதுக்குள் வருகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் வரலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஜப்பானில் பத்துப் பேரில் சுமார் ஒன்பது பேர் பெண்கள். இந்தியாவில் ஆண்களும் ஓரளவு இருக்கிறார்கள். ஜப்பான், கொரியா, சீனா, இந்தியா, துருக்கி போன்ற நாடுகளில் இது அதிகம் பார்க்கப்படுகிறது.

முதலில் வரும் தொந்தரவுகள் சாதாரணமானவை:

- விட்டு விட்டுக் காய்ச்சல்
- களைப்பு
- உடம்பு இளைத்தல்
- மூட்டு வலி, கழுத்து வலி

இவை வேறு பல நோய்களிலும் வரும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. பிறகு வருபவை:

- கையைத் தூக்கி வேலை செய்தால் சோர்வு; ஓய்வு எடுத்தால் சரியாதல்
- நடந்தால் கால் வலி, நின்றால் சரியாதல்
- தலைச்சுற்றல், மயக்கம், பார்வை மங்கல்
- ஒரு கையில் நாடி மெலிதல்
- இரண்டு கை பி.பி.யில் பெரிய வித்தியாசம்
- இளம் வயதில் ஹை பி.பி.

இரண்டு கைகளுக்கும் சிறு வித்தியாசம் எல்லோருக்கும் உண்டு. மேல் எண்ணில் 10-க்கு மேல் வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். வித்தியாசம் இருந்தாலே டகயாசு நோய் என்று பயப்படக் கூடாது. வயதானவர்களுக்கும் பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும் தமனியில் கொழுப்பு படிந்தும் இப்படி வரும். எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

8. பரிசோதனையும் சிகிச்சையும்

அக்காவுக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரண்டும் அழற்சி இருக்கிறதா என்று காட்டும். பிறகு மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்தார்கள். அதில் தமனிகள் எங்கெங்கே சுருங்கியிருக்கின்றன என்று படமாகத் தெரிந்தது. காசநோய் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். ஏனென்றால் இந்த நோய்க்குக் கொடுக்கும் மருந்து காவல் படையை அடக்கும். உள்ளே காசநோய் ஒளிந்திருந்தால் அப்போது அது தலைதூக்கும்.

பெங்களூரில் ஜெயதேவா இதய மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளில் இதயத்துக்கும் ரத்தக்குழாய்க்கும் சிறப்பு மருத்துவர்கள் இருக்கிறார்கள். மூட்டு, வாத நோய் மருத்துவர்களும் இந்த நோய்க்குச் சிகிச்சை தருவார்கள். அந்தப் பிரிவுக்கு ருமட்டாலஜி என்று பெயர்.

முதல் மருந்து பெரும்பாலும் ஸ்டீராய்டு மாத்திரை. பிரெட்னிசோலோன் என்று சீட்டில் இருக்கும். இது அழற்சியை விரைவாக அடக்கும். இதோடு மீதோட்ரெக்சேட், அசதையோபிரின் போன்ற வேறு மாத்திரையும் சேர்ப்பார்கள். பி.பி. மாத்திரை தனி. அழற்சி அடங்கிய பிறகு, தேவைப்பட்டால் சுருங்கிய தமனிக்குள் மெல்லிய குழாய் விட்டு, பலூனால் விரிப்பார்கள். சிலருக்கு ஆபரேஷன் செய்வார்கள்.

9. 'வாரம்' என்ற ஒரு சொல்

அக்காவுக்கு மீதோட்ரெக்சேட் கொடுத்தார்கள். கவனமாகப் படியுங்கள். இந்த நோய்க்கு இந்த மாத்திரை தினமும் சாப்பிடுவது அல்ல. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தவறி தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. வாய்ப்புண் வரும், ரத்த அணுக்கள் குறையும்.

அன்று இரவு வகுப்பில் பாடப் புத்தகத்தைத் திறக்கவில்லை. கரும்பலகையில் 'தினம்', 'வாரம்', 'மாதம்' என்ற மூன்று சொற்களை எழுதினேன். அக்கா அவற்றைப் பத்து முறை எழுதினார். பிறகு மருந்து அட்டையின் மேல் பேனாவால் தாமே எழுதினார்: "ஞாயிறு மட்டும்." வீட்டுக் காலண்டரில் ஒவ்வொரு ஞாயிறுக்கும் வட்டம் போட்டார்.

கர்ப்பமாக இருப்பவர்கள் இந்த மாத்திரையைச் சாப்பிடக் கூடாது. குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொன்னால் வேறு மருந்து தருவார்கள். நோய் அடங்கியிருக்கும் நேரத்தில், மருத்துவக் கண்காணிப்பில், இந்த நோய் உள்ள பல பெண்கள் நல்லபடியாகக் குழந்தை பெற்றிருக்கிறார்கள்.

10. நிறுத்தப் பார்த்த நாள்

இரண்டு மாதம் போயிற்று. அக்காவுக்குக் காய்ச்சல் இல்லை. களைப்பு குறைந்தது. ஆனால் முகம் உப்பியது. பசி அதிகமானது. ஸ்டீராய்டு மாத்திரையால் இப்படி ஆகும்.

குழாயடியில் பேச்சு கிளம்பியது. "முகம் பூசணிக்காய் மாதிரி ஆயிடுச்சே. அந்த மாத்திரையை நிறுத்து. நாட்டு மருந்து சாப்பிடு" என்றார்கள். அக்காவின் மாமியாரும் அப்படியே சொன்னார்.

வகுப்பில் அக்கா அழுதார். "நாளையிலிருந்து நிறுத்திடப் போறேன் டீச்சர்."

பூ கட்டும் பாட்டி ஒருவர் வகுப்பில் உண்டு. அவர்தான் பேசினார். "ஏம்மா, முகம் உப்பினா நாலு பேரு பேசுவாங்க. நீ போயிட்டா உன் பொண்ணுக்கு யாரு தலை பின்னுவா? டாக்டரம்மாவைக் கேட்டுட்டு நிறுத்து."

மறுநாள் கேட்டோம். டாக்டரம்மா கோபப்படவில்லை. விளக்கமாகச் சொன்னார்:

"ஸ்டீராய்டு மாதிரி ஒரு பொருளை நம் உடம்பே சுரக்கிறது. மாத்திரை சாப்பிடும்போது உடம்பு அந்தச் சுரப்பைக் குறைத்துவிடும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இரண்டும் இல்லாமல் போகும். மயங்கி விழலாம். உயிருக்கும் ஆபத்து. நோயும் திரும்ப வரும். நானே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறேன். குறையக் குறைய முகமும் பழையபடி ஆகும்."

சொன்னபடியே குறைத்தார். எலும்பு பலவீனமாகாமல் இருக்கக் கால்சியம் மாத்திரை கொடுத்தார். சர்க்கரையையும் அவ்வப்போது பார்த்தார். சில மாதங்களில் முகம் இறங்கியது.

11. செலவுக்கு என்ன வழி?

ஸ்கேனுக்கும் பலூன் சிகிச்சைக்கும் பணம் ஆகும். கர்நாடகத்தில் 2018-ல் ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகா என்ற திட்டம் தொடங்கியது. பி.பி.எல். ரேஷன் கார்டு உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உதவி தரும் திட்டம் இது. ரேஷன் கார்டு, ஆதார் கார்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு முதலில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எந்தச் சிகிச்சைக்கு உதவி உண்டு, எந்தக் கடிதம் வேண்டும் என்று கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள்.

12. அக்காவின் அட்டை

இப்போது இரண்டு வருடம் ஆகிறது. அக்கா வேலைக்குப் போகிறார். சிறுநீரகத் தமனியைப் பலூன் வைத்து விரித்தார்கள். வலது கையில் பி.பி. 130/80. இடது கையில் நாடி இன்னும் மெலிதாகத்தான் இருக்கிறது. குளிருக்கு அந்தக் கை சில்லென்று ஆகும். கனமான குடத்தை அந்தப் பக்கம் தூக்குவதில்லை. உப்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் குறைந்துவிட்டன.

இந்த நோய் ஒரேயடியாகப் போய்விடுவதில்லை. அடங்கும். சில நேரம் மறுபடி தலைதூக்கும். அதனால் நன்றாக இருக்கும்போதும் டாக்டரிடம் போய்க் காட்ட வேண்டும். அக்கா ஒரு தவணையும் தவறுவதில்லை.

அவர் பர்ஸில் ஓர் அட்டை இருக்கிறது. அக்காவே தம் கையால் தமிழில் எழுதியது. கீழே நர்ஸ் ஒருவர் கன்னடத்திலும் எழுதிக் கொடுத்தார்.

"எனக்கு டகயாசு நோய். என் பி.பி.யை வலது கையில் பாருங்கள். இடது கையில் சரியாகத் தெரியாது. நான் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன்."

எல்லோருக்கும் வலது கைதான் சரி என்று நினைக்காதீர்கள். சிலருக்கு இடது கை சரியாகக் காட்டும். இரண்டு கைகளும் பாதிக்கப்பட்டவர்களுக்குக் காலில் அளப்பார்கள். எங்கே அளக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

போன வாரம் அக்கா வகுப்பில் சொன்னார்: "அந்தச் சீட்டுங்க மூணு வருஷமா என் வீட்டில்தான் இருந்துச்சு டீச்சர். படிக்கத் தெரியாததால அது வெறும் காகிதமா இருந்துச்சு."

நினைவில் வையுங்கள்

1. இளம் வயதில் ஹை பி.பி. வந்தால் காரணம் கேளுங்கள்.
2. முதல் முறை பி.பி. பார்க்கும்போது இரண்டு கைகளிலும் பார்க்கச் சொல்லுங்கள்.
3. சீட்டில் எந்தக் கை என்று எழுதி வாங்குங்கள்.
4. பழைய சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். தேதி வாரியாக அடுக்குங்கள்.
5. ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.
6. மாத்திரை தினமா, வாரமா என்று படித்துப் பார்த்துச் சாப்பிடுங்கள்.
7. திடீரென்று முகம் கோணினாலும், கை கால் செயலிழந்தாலும், பேச்சு குழறினாலும், பார்வை போனாலும், நெஞ்சு வலித்தாலும் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

சொல் பொருள்

தமனி – இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்
பெருந்தமனி – எல்லாத் தமனிகளுக்கும் தாய்க்குழாய்
அழற்சி – சிவந்து, சூடாகி, வீங்குதல்
நாடி – தமனியில் தெரியும் துடிப்பு
தன்னுடல் தாக்கு நோய் – உடம்பின் காவல் படை சொந்த உடம்பையே தாக்கும் நோய்

செய்து பாருங்கள்

வகுப்பில் இருவர் இருவராக உட்காருங்கள். எதிரில் இருப்பவரின் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புங்கள். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில், உங்கள் நடு மூன்று விரல்களையும் மெதுவாக வையுங்கள். கட்டைவிரலை வைக்காதீர்கள். அதன் துடிப்பே உங்களைக் குழப்பும். கடிகாரத்தைப் பார்த்து 30 விநாடி எண்ணுங்கள். வந்த எண்ணை இரண்டால் பெருக்குங்கள். 60 முதல் 100 வரை இருந்தால் சரி.

பிறகு அடுத்த கையில் பாருங்கள். இரண்டு கைகளிலும் ஒரே பலமாகத் துடிக்கிறதா? ஒரு கையில் கிடைக்கவில்லை என்றால் பதறாதீர்கள். சில நேரம் நம் விரல் சரியான இடத்தில் இருக்காது. இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் கிடைக்கவில்லை என்றால் மருத்துவமனையில் காட்டுங்கள்.

கேள்விகள்

1. அக்காவின் சீட்டுகளில் எந்த எண் மட்டும் வேறாக இருந்தது?
2. அக்காவின் ஹை பி.பி. மூன்று வருடம் ஏன் தெரியவில்லை?
3. சிறுநீரகத் தமனி சுருங்கினால் உடம்பு முழுவதும் பி.பி. ஏன் ஏறுகிறது?
4. டகயாசு தாம் பார்த்ததை எந்த ஆண்டு சொன்னார்? அவர் எந்த உறுப்புக்கு மருத்துவர்?
5. ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று ஏன் நிறுத்தக் கூடாது?
6. உங்கள் வீட்டில் உள்ள ஒரு டாக்டர் சீட்டை எடுங்கள். அதில் உள்ள தேதி, பி.பி., மருந்து சாப்பிடும் வேளை ஆகியவற்றை உங்கள் நோட்டில் எழுதுங்கள்.